சூடேற்றும் காலம்

ஏழு மலை ஏழு கடல் தாண்டிப் போனவர்களுக்கெல்லாம் கதை இருக்கும்போது, மூன்று விமானமும் ஒரு பஸ்ஸும் மாறிப் போனவளுக்கும் ஒரு கதை இருக்கத்தானே வேண்டும். தூத்துக்குடி மில்லர்புரத்து ஜெபக்கனி முப்பத்து நான்கு வயதில் கொரியா தேசத்தில் சுன்சொன் என்ற ஏரிக்கரை நகரத்துக்கு வேலைக்குப் போனாள். அவளுக்குத் தெரிந்த வேலை வால்வு சோதிப்பது. மூடிய வால்வுக்குள் அழுத்தம் ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, ஒரு குமிழியாவது வருகிறதா என்று கண்ணெடுக்காமல் பார்ப்பது. பதினான்கு வருஷமாகப் பார்த்த கண்ணுக்கு, மெஷின் காட்டாத கசிவும் தெரியும் என்று பெயர் வாங்கியிருந்தாள். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் அவர்கள் கூப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் புருஷனையும் மகளையும் அழைத்துக்கொள்ளலாம், அதற்கான கடிதத்தைக் கம்பெனியே முத்திரை போட்டுத் தரும் என்று சொன்னார்கள். ஜெபக்கனி மகள் ஜெமிமாவின் விரல்களை மடக்கி, ஒரு கை பூராவும் அடுத்த கையில் ஒரு விரலும் என்று எண்ணிக் காட்டிவிட்டு, மார்ச் மாதத்தில் விமானம் ஏறினாள்.

ஆறு மாதம் முடிந்த செப்டம்பரில் அவள் கடிதத்தைக் கேட்டபோது, "பரிசீலிக்கிறோம்" என்றார் பார்க் புஜாங். புஜாங் என்றால் இலாகாத் தலைவர். அங்கே பதவிதான் பெயர், பெற்றவர்கள் வைத்தது சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். நம் ஊரில் ஓர் அதிகாரி பரிசீலிக்கிறோம் என்று சொன்னால் அந்த ஃபைலுக்குப் பதினாறாம் நாள் கும்பிட்டாயிற்று என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஜெபக்கனிக்கும் தெரியும். ஆனால் தரை பளபளவென்று துடைத்து, பஸ் சொன்ன நிமிஷத்துக்கு வந்து நிற்கிற ஊரில் மனுஷர்கள் ஃபைலைத் தூங்கவைக்க மாட்டார்கள் என்று அவள் நம்பினாள். இழுத்தடிப்பது நம் மண்ணில் மட்டுமே விளைகிற பயிர் என்று நினைப்பது நம்மவர்களுக்கே உரிய மூடநம்பிக்கை, அதை அவள் பெட்டியில் ஊறுகாய்ப் பாட்டிலோடு சேர்த்து எடுத்துப் போயிருந்தாள்.

மற்றபடி எல்லாரும் அன்பானவர்கள்தான். அன்புக்குக் குறைச்சலே இல்லை. உங்கள் பாஷையிலும் அம்மா, எங்கள் பாஷையிலும் கிட்டத்தட்ட அம்மா, என்ன ஆச்சரியம் என்று வந்த முதல் மாதத்திலேயே இருபத்து மூன்று பேர் அவளிடம் சொன்னார்கள், அவளும் இருபத்து மூன்று தடவை ஆச்சரியப்பட்டாள். அப்படிக் கூப்பிட ஒரு பிள்ளை பக்கத்தில் வேண்டுமே என்று மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அக்டோபரில் ஜெமிமாவுக்கு முதல் பல் விழுந்தது. போனில் வாயை அகலத் திறந்து காட்டினாள்.

"எம்மா, பல்லு விழுந்துட்டு."

"ஓட்டு மேல எறிஞ்சியாட்டி?"

"இல்ல. ஒன்கூடதான் எறிவேன். தீப்பெட்டில போட்டு வச்சிருக்கேன். அங்க ஓடு இருக்கா?"

"இருக்கு, ஜெமி. இங்கயும் பிள்ளைங்க பல்ல ஓட்டுலதான் எறியுமாம்."

"அத்தை சொல்லுதா, எறியாம வச்சிருந்தா புதுப் பல்லு மொளைக்காதாம். சீக்கிரம் கூப்புடு."

ஜெபக்கனி மறுநாள் போய்க் கேட்டாள். பரிசீலிக்கிறோம் என்றார்கள். நவம்பர் வந்தது, முதல் பனி விழுந்தது, ஏரியின் ஓரம் பால் ஆடைபோல உறைந்தது, ஜெமிமாவின் முன்வாயில் ஓட்டை ஓட்டையாகவே இருந்தது, அவள் போனுக்கு வருவதும் குறைந்தது. வந்தாலும் தன்னைப் பார்த்துக்கொள்கிற அத்தை மடியில் இருந்துகொண்டு, "சொல்லு" என்றாள்.

நவம்பர் மூன்றாம் வாரம் திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் பார்க் புஜாங் மூன்றாம் தடவையாக, "அந்த விஷயம் பரிசீலனையில் இருக்கிறது" என்று சிரித்தபடி சொன்னார். சபையில் குரல் உயர்த்துவது அங்கே பெரிய குற்றம் என்று ஜெபக்கனிக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு முன்னால் காகிதக் கோப்பையில் இருந்த குளிர்ந்த தண்ணீர் லேசாக முனகியது, அடியிலிருந்து சின்னக் குமிழிகள் விட்டது, பிறகு தளதளவென்று கொதித்தது. எல்லாரும் பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யுன் தெரி (தெரி என்பது புஜாங்குக்கு மூன்று படி கீழே), இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான சாதுவான மனுஷி, தன் பையிலிருந்து காப்பித்தூள் பாக்கெட் ஒன்றை எடுத்துக் கிழித்து, அந்தக் கோப்பையில் கொட்டி, பாக்கெட்டாலேயே கலக்கி, "நன்றி" என்று சொல்லிக் குடித்தாள். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போனது.

புதன்கிழமைக்குள் மொத்த இலாகாவும் அவள் மேஜைக்குக் கோப்பையோடு வந்தது. வெள்ளிக்கிழமை ஒரு டெக்னீஷியன் துப்பாக்கி மாதிரியான வெப்பமானியை அவள் நெற்றிக்கு நேரே பிடித்து அளந்துவிட்டு, மூன்றாவது மாடிக்கு ஹீட்டர் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தார், இருந்ததையும் கழற்றினார்கள். அவள் மேஜையை ஹாலின் நட்டநடுவுக்கு நகர்த்தினார்கள். அவள் நாற்காலியின் முதுகில் நனைந்த சாக்ஸ் காய்ந்தது. ஊழியர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறையை முதல் மாடியிலிருந்து அவள் முதுகுப்பக்கத்துச் சுவருக்கு அந்தண்டை மாற்றினார்கள். அவளைப் புகழ்ந்தால் இரண்டு டிகிரி குறைகிறது என்று யாரோ கண்டுபிடித்தார்கள், அன்றிலிருந்து அவள் கண்டுபிடித்த கசிவுகளுக்கு யாரும் சபாஷ் சொல்லவில்லை.

அவள் குடியிருந்த நாலு மாடிக் கட்டடமும் சும்மா இருக்குமா. கீழ்த்தளத்தில் கோழி வறுவல் கடை நடத்திய சொங் அம்மையார்தான் வீட்டுக்காரி. அவள் முதலில் ஒரு கயிறு நிறைய சீமைப் பனிச்சைப் பழத்தை ஜெபக்கனியின் கதவில் காயப்போட்டாள், மறுநாள் மிளகாயைப் பரப்பினாள், அதற்கடுத்த நாள் கட்டடத்தின் கூட்டத்தைக் கூட்டினாள். பழைய பாய்லரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். தரைக்கடியில் ஓடுகிற குழாய்களை ஜெபக்கனியின் சுவரோடு இணைத்தார்கள். படிக்கட்டில் ஒரு முறைப்பட்டியல் ஒட்டினார்கள். திங்கட்கிழமை முன்னூற்றிரண்டாம் வீட்டார் கதவைத் தட்டிக் கடுகு தாளிக்கிற வாசனை பொறுக்க முடியவில்லை என்று சொல்ல வேண்டும். செவ்வாய், நானூற்றொன்று: இந்தியாவில் ரயில் உண்டா என்று கேட்க வேண்டும். புதன், சொங் அம்மையாரே வந்து, "எந்தத் தாயாவது பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வருவாளா?" என்று கேட்பாள். புதன்கிழமைச் சூடு சனிக்கிழமை வரை தாங்கியது. கேட்டு முடித்ததும் இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டு, வாசலில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை வைத்துவிட்டுப் போனார்கள். செருப்பால் அடித்துவிட்டுச் சர்க்கரைப் பொங்கல் கொடுக்கிற வித்தையை அவ்வளவு மரியாதையாகச் செய்து அவள் எங்கேயும் பார்த்ததில்லை.

நம்மவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது. அந்த நாட்டுத் தமிழர்கள் கூடிப் பொங்கல் வைக்கிற மண்டபத்தில் நெருப்புப் பற்றவைக்க அனுமதி இல்லையாம். விழாச் செயலாளர் போன் பண்ணினார். "அக்கா, நீங்க ஒரு நடை வந்து பானைக்குப் பக்கத்துல நின்னு லேசா கோவப்பட்டுட்டுப் போனாப் போதும், பால் பொங்கிரும்." ஜெபக்கனி போனை வைத்த இடத்தில் மேஜை விரிப்பு கருகியது.

புருஷன் எபனேசர் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுகிறவன், யாரையும் பகைத்துக்கொள்ளாதவன். "கோவப்படாத, ஜெபா. வேலைக்கு ஆபத்து வந்துரப் போவுது. அவுங்க நல்லவுங்கதான, பரிசீலிக்கோம்னுதான சொல்லுதாவ" என்றான். ஜெபக்கனி போனை வைத்தாள், அந்தக் கோபத்தில் முன்னூற்றிரண்டாம் வீட்டுக்காரர் அன்று வெந்நீரில் குளித்தார்.

இப்படியாக டிசம்பர் போனது, பொங்கலும் போனது. ஏரி நடுவரை உறைந்து, ஊர் ஜனங்கள் அதன்மேல் ஓட்டை போட்டு மீன் பிடித்தார்கள். ஜெபக்கனி கோபத்தோடு எழுந்தாள், கோபத்தோடு வால்வுகளை முக்கினாள், கோபத்தோடு தூங்கினாள். அவள் கோபம் யார் யாருக்கோ துணி காயவைத்தது, சோறு வேகவைத்தது, கைகால் பிடிப்பை இளக்கியது. அவள் கோபம் ஒரே ஒரு வேலையைத்தான் செய்யவில்லை, அது அவள் மகளைக் கொண்டுவரவில்லை.

ஜனவரிக் கடைசியில் ஒரு மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம், சோதனை அறிக்கைகளை வைக்க அவள் பார்க் புஜாங்கின் மேஜைக்குப் போனாள். இரண்டு கையாலும் வைக்க வேண்டும், அதுதான் அங்கே மரியாதை. இரண்டு கையாலும் வைத்தபோது தட்டில் கிடந்த ஒரு ஃபைல் நகர்ந்து திறந்தது. உள்ளே ஜெமிமா சிரித்தாள். ரிப்பன் கட்டிய போட்டோ, எல்லாப் பல்லும் இருந்தபோது எடுத்தது. அதற்குக் கீழே கடிதம், முழுசாக அச்சடித்து, ஆகஸ்ட் மாதத் தேதியிட்டுக் கிடந்தது. முத்திரை விழ வேண்டிய வட்டம் மட்டும் காலி. அதன்மேல் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள். பத்து மாதத்தில் அவள் கொரிய எழுத்துகளைக் கூட்டி வாசிக்கப் படித்திருந்தாள். குழந்தை வாசிப்பதுபோல ஒவ்வொரு கட்டமாக வாசித்தாள்.

"சூடேற்றும் காலம் முடிந்தபின்."

கையெழுத்து யுன் தெரியுடையது.

சாப்பிட்டுவிட்டு வந்த யுன் தெரியின் முன்னால் அவள் அந்தத் தாளை வைத்தாள். "இது நீங்க எழுதினதா?"

யுன் தெரி பொய் சொல்லவில்லை, அதற்காவது அவளைப் பாராட்ட வேண்டும். "கோப்பை கொதித்த அந்த வாரம் புஜாங் சொன்னார், நான் எழுதினேன். உங்கள் குடும்பம் வந்துவிட்டால் நீங்கள் ஆறிப்போய்விடுவீர்கள் என்றார். மார்ச்சில் முத்திரை போட்டுவிடலாம், சில மாதம்தானே என்றார்." பிறகு சுவருக்கு அந்தண்டை கேட்ட குழந்தைகளின் சத்தத்தைக் காட்டினாள். "என் சின்னவனுக்குப் பிறந்ததிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் நெஞ்சுச் சளி. இந்த வருஷம் ஒரு தடவைகூட இருமவில்லை."

"எம் மகளுக்குப் பல்லு மொளைக்கல" என்றாள் ஜெபக்கனி. அதைத் தமிழில்தான் சொன்னாள், யுன் தெரிக்கு அதை மொழிபெயர்த்துக் கொடுக்க அவளுக்கு மனசில்லை.

செய்தி மாடி மாடியாகப் பரவியது. இன்றைக்குச் சூடு தாங்காது என்று ஹாலில் கோட்டைக் கழற்றி வைத்தார்கள், யாரோ முன்யோசனையாக ஜன்னலைத் திறந்தார்கள், கட்டடத்தில் சொங் அம்மையார் நாலு மாடிப் போர்வையையும் துவைத்து மாடிப்படியெல்லாம் தொங்கவிட்டாள். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்களே, அந்தக் காட்டில் விறகு பொறுக்கக் காத்திருந்தார்கள் அவர்கள். ஒன்றும் வரவில்லை. ஜெபக்கனி தன் நாற்காலியில் உட்கார்ந்தாள், அடுத்த வால்வை எடுத்தாள். அவள் நாற்காலி முதுகில் தொங்கிய சாக்ஸ் சாயந்தரத்துக்குள் விறைத்து மரக்கட்டையாகிவிட்டது.

கோபம் போய்விட்டது என்று நினைத்தார்கள். டெக்னீஷியன் வந்து நெற்றிக்கு நேரே பிடித்து, முப்பத்தாறு புள்ளி ஆறு, கோபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அவருக்கு என்ன தெரியும். அவளுக்கு இவ்வளவு கோபம் அதற்கு முன்பு வந்ததே இல்லை. தொண்டைவரை இருந்தது, விரல்நுனிவரை இருந்தது. ஆனால் பதினான்கு வருஷம் அடுத்தவன் வால்வில் கசிவு பார்த்தவள், தன் கசிவை அன்றுதான் பார்த்திருந்தாள். பார்த்ததும் மூடினாள். இனி ஒரு குமிழிகூட வெளியே விடுவதில்லை என்று இருந்தாள், அவ்வளவுதான்.

முறைப்பட்டியலை முடுக்கிப் பார்த்தார்கள். கடுகு வாசனை என்றார்கள். ஜன்னலைத் திறந்து வைக்கிறேன் என்றாள். ரயில் உண்டா என்றார்கள். உண்டு, தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு ராத்திரி கிளம்பினால் காலையில் போகலாம் என்று விளக்கமாகச் சொன்னாள். எந்தத் தாயாவது என்று சொங் அம்மையார் போர்வைக்குள்ளிருந்து பல் கிட்டிக்கொண்டே கேட்டாள். "நான்தான் அந்தத் தாய்" என்று சொல்லி ஜெபக்கனி கதவை மெதுவாகச் சாத்தினாள். மூன்றாம் நாள் படிக்கட்டில் பனி படிந்தது. நான்காம் நாள் குழந்தைகள் அறையில் இருமல் கேட்டது. அந்தச் சத்தம் அவளை அறுத்தது, பிள்ளைகள் என்ன பாவம் செய்தன. தன் போர்வையைக் கொண்டுபோய் யுன் தெரியின் சின்னவனைச் சுற்றிவிட்டு, சூடு தராமல் திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஆறாம் நாள் காலை சோதனைக்கூடத்துக் குழாய்கள் படபடவென்று வெடித்து, பீறிட்ட தண்ணீர் பீறிட்ட கோலத்திலேயே உறைந்து நின்றது.

அதற்குப் பிறகுதான் பார்க் புஜாங் வந்தார். பின்னால் இலாகா முழுவதும், அதற்குப் பின்னால் எப்படியோ செய்தி தெரிந்து சொங் அம்மையாரும் கட்டடத்துக்காரர்களும். கையில் ஃபைல், முத்திரைக் கட்டை, சிவப்பு மைப்பெட்டி. முழங்கால் மடித்து அவள் மேஜைக்கு முன் உட்கார்ந்து, கடிதத்தை இரண்டு கையாலும் வைத்து, முத்திரையை மையில் அழுத்தினார். டக்கென்று சத்தம் வந்தது. மை கல்லாக உறைந்திருந்தது. கடிதத்தில் குத்திப் பார்த்தார், பள்ளம்தான் விழுந்தது. மறுபடி குத்தினார். பிறகு தலையைத் தூக்கி, வெட்கத்தோடு, ஆனாலும் கேட்டார்.

"ஒரே ஒரு நிமிடம் கோபப்பட முடியுமா? மை இளகினால் போதும்."

ஜெபக்கனி அவரைப் பார்த்தாள். அந்த மனுஷனுக்கு இன்னும் புரியவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

"வாயால ஊதுங்க" என்றாள்.

பார்க் புஜாங் ஊதினார். அவர் மூச்சு போதவில்லை. யுன் தெரி குனிந்து ஊதினாள். சொங் அம்மையார் மைப்பெட்டியை வாங்கித் தன் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு நடுங்கினாள். டெக்னீஷியன் ஊதினார், முன்னூற்றிரண்டு ஊதியது, நானூற்றொன்று ஊதியது, முப்பது நாற்பது பேர் முகம் சிவக்க, தலை சுற்ற, ஒருவர் மாற்றி ஒருவர் ஒரு மைப்பெட்டிக்கு மூச்சுக் கொடுத்தார்கள். அவள் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் கழித்து மையின் நடுவில் ஒரு பொட்டு அளவுக்கு ஈரம் வந்தது. முத்திரை பாதி வட்டம்தான் விழுந்தது. பாதி போதும் என்று தூதரகத்தில் சொல்லிவிட்டார்கள்.

பிப்ரவரிக் கடைசியில் எபனேசரும் ஜெமிமாவும் வந்தார்கள். விமான நிலையத்தில் ஜெபக்கனி முட்டி போட்டுக் கையை விரித்தாள். ஜெமிமா அப்பாவின் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மூன்று மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. பாதி வழியில் டிரைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஹீட்டரை அணைத்தார்.

கட்டடத்து வாசலில் எல்லாரும் வரவேற்க நின்றிருந்தார்கள். புது பாய்லர் இன்னும் வந்து சேரவில்லை, மூக்கெல்லாம் சிவந்திருந்தது. சொங் அம்மையார் ஓர் அட்டையில் தமிழ் எழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்து, 'அம்மா' என்று எழுதிப் பிடித்திருந்தாள். கணுக்கால் உயரப் பனியில் ஜெமிமா இறங்கி நின்று, அட்டையை வாசித்தாள், தாயைப் பார்த்தாள்.

"ஆறு மாசம்னு சொன்ன" என்றாள்.

ஜெமிமாவின் செருப்பைச் சுற்றி இருந்த பனி உருகியது. வட்டமாக உருகி, தார்ரோடு தெரிந்து, அதிலிருந்து ஆவி எழும்பியது. அந்த ஜனங்களிடம் அந்த நேரத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். குளிரில் நிற்கிறவன் நெருப்பைக் கண்டால் என்ன செய்வானோ அதைச் செய்தார்கள், பையிலிருந்து கைகளை எடுத்து, உள்ளங்கைகளை விரித்து, ஆறு வயதுப் பிள்ளையின் பக்கம் நீட்டினார்கள்.

"கைய எடுங்கலே!" என்று ஜெபக்கனி போட்ட சத்தம் ஏரியின் அக்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது. "குளிர் காய எம் பிள்ளதான் கெடைச்சாளா? இது அவ கோவம். இது எனக்கு உள்ளது. எனக்கு மட்டும் உள்ளது!"

அங்கே ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. அத்தனை கையும் பைக்குள் போனது.

அவள் மகளைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். தோளும் கழுத்தும் சுட்டன, இறக்கிவிடவில்லை. எபனேசரைப் பெட்டிகளோடு வெளியே நிற்கவைத்துக் கதவைச் சாத்தினாள். பனிக்கட்டியாகக் கிடந்த தரையில் மகளை உட்காரவைத்து, எதிரே தானும் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"திட்டு, ஜெமி."

"எம்புட்டு?"

"உள்ளது பூராவும்."

ஜெமிமா யோசித்தாள். கோட்டுப் பையில் கைவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தாள், அதை ஓங்கி அம்மாவின் முகத்தில் எறிந்தாள். பல் தெறித்துத் தரையில் உருண்டு எங்கேயோ போய் நின்றது. பிறகு முன்பல் இல்லாத வாயால் திட்டத் தொடங்கினாள்.